மாதாவின் முகத்தைத் தேய்த்தவள்

என் மகனுக்கு,

அரியலூர்ப் பக்கத்துக் கோயிலிலிருந்து ஃபாதர் போன வாரம் நம் பட்டறைக்கு வந்திருந்தார். செப்டம்பரில் மாதா விழாவாம், அதற்கு ஒரு விழா மலர் அச்சடிக்கிறார்களாம். "நம்ம வியாகுல மாதா சுரூபம் உருவான கதைய நீங்கதாம்மா எழுதணும், ஒரு பக்கம் போதும்" என்றார். உன் அப்பாவைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் கையெழுத்துப் போடுவதற்கே நல்ல நேரம் பார்க்கிற ஆள். நான் பத்தாவது வரை படித்தவள் என்று யாரோ ஃபாதரிடம் சொல்லியிருக்கிறார்கள், மாட்டிக்கொண்டேன். எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துப் போட்ட பிறகுதான், இது மலருக்கான கட்டுரை இல்லை, உனக்கு எழுத வேண்டிய கடிதம் என்று புரிந்தது. ஃபாதருக்குப் போன் போட்டு, "கடுதாசியாவே குடுத்துடட்டுங்களா?" என்று கேட்டேன். "உண்மையா இருந்தாக் குடுங்க" என்றார். அந்த ஒரு நிபந்தனைதான் கஷ்டமானது.

வருகிற தை மாதம் உனக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றிக்கொள்ள உன் அப்பா வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு எழுந்தார். நீ தலையைத் தூக்காமலே, "பெரியப்பா மாத்தட்டும்" என்று சொன்னாய். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அவர் எழுந்த வேகத்திலேயே, ஏதோ வெற்றிலைப் பெட்டியை எடுக்க எழுந்தவரைப் போல நடந்து போய்க் கடைசியில் உட்கார்ந்துகொண்டார். கல்யாணத்திலும் அப்பா ஸ்தானத்தில் பெரியப்பாவே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறாய். ஆறு வருஷமாக அவரிடம் கேட்டதற்குப் பதில், அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. நீ செதுக்கிய மாதாவின் முகத்தை அவர் அழித்துவிட்டார் என்பது உன் கோபம். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் முகத்தை அழித்தது அவர் இல்லை தம்பி. நான்.

இதைத் தனியாக என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மூன்று தடவை முயன்று பார்த்தேன். ஒரு தடவை ஆலத்தியூருக்கே பஸ் ஏறி வந்தேன். நீ சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து, கண்ணிமை வரைக்கும் தூசியோடு வெளியே வந்து, "என்னம்மா திடீர்னு?" என்று சிரித்தாய். சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வாய் மாறிவிட்டது. "முறுக்கு சுட்டேன், கொண்டாந்தேன்" என்று பையை நீட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பத்து முறுக்குக்காக மூன்று பஸ் மாறி எவளாவது வருவாளா என்று நீயும் யோசிக்கவில்லை. எனக்கு நேரில் தைரியம் வராது என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. அச்சில் ஏறிவிட்டால் பின்வாங்க முடியாது. அதோடு, அந்த முகத்தை ஊரே நின்று பார்க்கிறது, அதற்கு நான் செய்ததையும் ஊர் தெரிந்துகொள்ளட்டும்.

நான் செட்டிகுளத்தில் வெங்காயக் கொல்லையில் வளர்ந்தவள் என்பது உனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் அரும்பாவூருக்கு வாக்கப்பட்டு வந்தபோது மரச் சிற்பம் என்றால் தேரில் இருக்கும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வந்த மூன்றாம் நாள் உன் அப்பா என் கையில் உப்புத்தாளைக் கொடுத்தார். மற்ற பெண்களுக்குப் புருஷன் பூ வாங்கிக் கொடுப்பான். அன்றிலிருந்து அவர் செதுக்குவதையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்குவது என் வேலை. முப்பது வருஷத்தில் எத்தனை லட்சுமி, எத்தனை சரஸ்வதி! எல்லாருக்கும் ஒரே கன்னம், ஒரே மோவாய். உன் அப்பாவின் அளவு அப்படி. நெற்றி ஒரு பங்கு, மூக்கு ஒரு பங்கு, மூக்குக்குக் கீழே மோவாய் வரை ஒரு பங்கு. இதில் ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் அது சாமி இல்லை, பொம்மை என்பார். தேய்ப்பு வேலையெல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் செதுக்கியவர் சிலைக்குக் கண் திறப்பார். அதனால் என் கைக்கு வருவதெல்லாம் கண் திறக்காத முகங்கள். எந்த முகமும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை, எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

நீதான் அந்த அளவுக்குள் அடங்காதவன். பதினாறு வயதில் ஒரு தேர் வேலையில், அடித்தட்டில் வைக்கிற பூதகணம் ஒன்றை உன்னிடம் விட்டார் அப்பா. பூதம்தானே, அதற்கு அளவு ஏது என்று நினைத்தார். நீ அதற்குப் பெரியப்பாவின் தொந்தியை வைத்தாய், அவருடைய இடைவெளிப் பல்லை வைத்தாய், அவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வயிற்றைத் தடவுவாரே, அந்தக் கையையும் வைத்தாய். பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. பெரியப்பா மூன்று மாசம் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. உன் அப்பா அளவுகோலாலேயே உனக்கு இரண்டு வைத்தார். தேரோட்டத்தன்று பார்த்தால் பெரியப்பா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "இந்த பூதம் யாரு தெரியுதா? நல்லாப் பாருங்க, நான்தான்" என்று காட்டுகிறார். நீ அன்றைக்கு என்னிடம், "மொகத்துக்குச் சொந்தக்காரங்களுக்கு மொதல்ல கோவம் வரும்மா, அப்பறம் சரியாயிடும்" என்றாய். நான் சிரித்தேன். அந்தக் கோபம் ஒருநாள் எனக்கு வரும் என்று நினைக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் ஃபாதர் முதல் முதலாக ஆர்டர் கொடுக்க வந்தார். இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் வியாகுல மாதா சிலை, அவர்கள் சுரூபம் என்பார்கள், வாகை மரத்தில், உட்கார்ந்த நிலையில் மூன்றடி உயரம். உன் அப்பா மரத்துக்குக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் உன் கையில் விட்டார். ஃபாதர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே ஒரு சில்லு தேங்காய் வாங்கித் தின்றார். போகும்போது உனக்கு ஒரு பெரிய படப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். உனக்குப் பித்துப் பிடித்தது அந்தப் புத்தகத்தால்தான். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, குழம்புக் கை படாமல் முழங்கையால் தாளைத் திருப்பினாய்.

"ஐநூறு வருசத்துக்கு முன்னாடி இத்தாலி நாட்டுலயும் நம்மள மாதிரிதாம்மா இருந்திருக்காங்க. சாமின்னா இப்பிடித்தான் மொகம், இப்பிடித்தான் கண்ணுன்னு ஒரே அளவு. அப்பறம் அவங்களுக்குள்ள என்னமோ ஒண்ணு முழிச்சிக்கிச்சு. தெருவுல போற வரவங்கள உக்கார வெச்சுப் பாத்து வரைய ஆரம்பிச்சிட்டாங்க. மீன் புடிக்கிற கெழவன் மொகம் புனிதருக்கு. துணி தொவைக்கிற பொம்பள மொகம் மாதாவுக்கு. கோயில்ல வந்து பாத்தவனுக்கு எப்பிடி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாரு!"

அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "சாமிக்கு மனுச மொகத்த வெச்சா, கும்புடறவன் யாரக் கும்புடுவான்?"

"மனுசனத்தான். அதுல என்னப்பா தப்பு?"

நான் சண்டை வரும் என்று தண்ணீர் சொம்பைத் தள்ளி வைத்தேன். வரவில்லை. அவர் எச்சிலைத் துப்பிவிட்டு வந்து, "ஒன் ஆர்டரு, ஒன் பாடு" என்றார். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மறுநாள் அந்த அளவுகோலை அவரே எடுத்துப் பரணில் போட்டார். ஏன் என்று கேட்டேன். "கண்ணுல பட்டா எடுத்து அளந்துடுவேன். அவன் செய்யட்டும் புள்ள, நமக்குத் தெரியாதது எதுவோ அவனுக்குத் தெரியுது" என்றார். இதைச் சொன்ன மனுஷனைத்தான் ஆறு வருஷமாகத் தண்டித்துக்கொண்டிருக்கிறாய்.

அந்த ஆவணியில் அப்பா மரம் பார்க்கத் துறையூருக்குப் போயிருந்தார். நீ முகத்தை முடித்துவிட்டுக் கண்ணை மட்டும் பாக்கி வைத்தாய். கோயிலில் சுரூபம் வைக்கிற மாடத்தை அளக்க அரியலூருக்குக் கிளம்பினாய். "அம்மா, நைஸ் தாள் மட்டும் போதும், லேசாத் தடவுனாப் போதும்" என்று வாசலிலிருந்து இரண்டு முறை சொன்னாய். நான் வழக்கம்போலக் கீழேயிருந்து ஆரம்பித்தேன். பீடம், புடவை மடிப்பு, மகனின் கால். காலுக்கு அடியில் மாதாவின் இடது கை. அந்தக் கையைத் தேய்க்கப் போன என் கை நின்றுவிட்டது. கால் தொங்கிவிடக் கூடாது என்று இரண்டு குதிகாலையும் சேர்த்து அந்தக் கை தாங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் மட்டும் பாதத்தின் மேலே.

அந்தப் பிடி என்னுடையது. உன் தங்கச்சியை மூளைக்காய்ச்சலில் திருச்சி ஆஸ்பத்திரியில் பறிகொடுத்து, வாடகை வேனில் மடியில் கிடத்திக் கொண்டுவந்தேனே, அப்போது பிடித்த பிடி. ஆறு வயதுக்கு அவள் உயரம் அதிகம். வேன் குலுங்கும்போதெல்லாம் கால் தொங்கிப் போயிற்று. நீ எதிர்ச் சீட்டில் இருந்தாய், உனக்குப் பதினேழு வயது. ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறாய் என்றுதான் நினைத்தேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

பிறகுதான் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். பல் விழுந்து ஒட்டிப்போன இடது கன்னம். புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடு. யாரிடமோ எதையோ கேட்க வந்து கேட்காமல் விட்டதுபோல லேசாகத் திறந்த வாய். கண்ணாடியில் நான் ஒருநாளும் பார்த்திராத என் முகம். தம்பி, நான் உன் தங்கச்சிக்காக யார் முன்னாலும் அழுதவள் இல்லை. அவள் போன பதினேழாம் நாள் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "கல்லு மனசுக்காரி" என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள், அது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் நான் நடமாடிக்கொண்டிருந்தேன். நீ என்னடாவென்றால் அதை அப்படியே எடுத்து, மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிற இடத்தில், முன்பின் தெரியாத ஜனம் வந்து நின்று பார்க்கிற இடத்தில் கொண்டுபோய் வைக்கப் போகிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அப்படிக் கோபம் வந்தது.

அரத்தை எடுத்தேன். முதலில் கன்ன எலும்பு, பிறகு புருவக் கோடு. உதட்டைச் சேர்த்தேன். முரட்டுத் தாள், நடுத் தாள், நைஸ் தாள் என்று இரண்டு பகல் வேலை. அத்தனை வருஷம் வழவழப்பாக்கிப் பழகிய கை, அதற்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. முடித்துவிட்டுப் பரணிலிருந்து அளவுகோலை எடுத்து அளந்து பார்த்தேன். மூன்று பங்கும் ஓரளவு சரியாகவே வந்திருந்தது. அந்த நேரத்தில் எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அப்பா வந்தார். சுரூபத்தைப் பார்த்தார், என் மடியில் கிடந்த தூளைப் பார்த்தார். "என்ன புள்ள பண்ணிட்ட?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் நீ வந்தாய். மாடத்து அளவு எழுதிய துண்டுச் சீட்டைக் கையில் பிடித்தபடியே முகத்துக்கு முன்னால் நின்றாய். பிறகு, "யாரு?" என்றாய்.

நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா, "நான்தான். அளவு ஒத்து வரல, திருத்துனேன்" என்றார்.

நீ கத்தியிருந்தால்கூட நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. உளியை எல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாய். "கண்ணையும் நீங்களே தொறந்துக்கங்க" என்றாய். அவர்தான் கண் திறந்தார், அவர்தான் வண்டியோடு போய் இறக்கி வைத்துவிட்டு வந்தார். நீ அந்த மாசமே ஆலத்தியூருக்கு வேலைக்குப் போனவன், இன்றுவரை உளியைத் தொடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் ஆறு வருஷம் செய்தேன். இன்னும் ஒரு அசிங்கம் பாக்கி இருக்கிறது, அதையும் சொல்கிறேன். அப்பாவோடு பேசாத நீ என்னிடம் மட்டும் உட்கார்ந்து பேசுவாய், சம்பளத்தில் புடவை எடுத்து வருவாய், என் மடியில் தலை வைத்துப் படுப்பாய். அது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. சொன்னால் அது போய்விடும் என்று பயந்தேன்.

அந்தச் சுரூபத்தைக் கோயிலில் போய் நான் பார்த்ததே இல்லை. மலருக்கு எழுத வேண்டும் என்று சாக்கு வைத்துக்கொண்டு போன வெள்ளிக்கிழமைதான் போனேன். பீடத்துக்குப் பக்கத்தில் என் வயதில் ஒருத்தி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, மாதாவின் இடது கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். மகன் லாரியில் அடிபட்டுப் போய் ஒரு வருஷமாகிறதாம். நானும் உட்கார்ந்தேன். வெளியூரா என்று விசாரித்தாள், பிறகு தானாகவே பேசினாள்.

"மொகத்த அண்ணாந்து பாத்தா நம்ம கஷ்டம் எதுவும் தெரியாத சின்னப் பொண்ணு கணக்கா இருக்கு, அதுங்கிட்ட எதச் சொல்றதுன்னு தோணுது. இந்தக் கையப் பாருங்க. புள்ள காலு தொங்கிடக் கூடாதுன்னு புடிச்சிருக்கு. அதனால இதப் புடிச்சிக்கிட்டுத்தான் நான் பேசறது. இதச் செஞ்சவங்க ஒரு சாவப் பாத்தவங்களாத்தான் இருக்கணும்."

"ஆமாங்க. தங்கச்சியப் பறிகொடுத்தவன் செஞ்சது" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. பதினோரு வருஷமாக அவள் எனக்கு மட்டும் மகளாக இருந்து எனக்கு மட்டும் செத்துப்போனாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவன் நீ. அவள் ஸ்லேட்டில் வரைந்த கோழிக்குக் கால் போட்டுக் கொடுத்தவன் நீ. உன் துக்கத்தை நீ யாரிடம் சொன்னாய்? உன்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு வார்த்தை கேட்டேனா? நான் அழாததால் நீயும் அழக் கூடாது என்று ஆகிவிட்டது. என் துக்கத்தை நீ திருடிவிட்டாய் என்றுதானே அரத்தை எடுத்தேன்? அது உன்னுடையதும்தான் தம்பி. அதைச் சொல்ல உனக்கு என் முகம் ஒன்றுதான் கிடைத்தது. அதையும் நான் தேய்த்துவிட்டேன். அங்கேயே அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை, நகர்ந்து இடம் விட்டாள்.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்குப் புத்திமதி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வீட்டில் ஏதாவது உடைந்தால் "யாரு?" என்று கேட்டுவிட்டு, முதலில் வருகிற பதிலோடு நின்றுவிடாதே. இன்னொரு தடவை கேள், அடுப்படி வாசலில் நிற்கிறவளையும் திரும்பிப் பார். வருகிற பெண் அழுதால் அழ விடு, நீயும் அழு. எங்கள் வீட்டில் யாரும் அழமாட்டார்கள் என்று பெருமையாக அவளிடம் சொல்லி வைக்காதே. மறுபடியும் உளியை எடு என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. எடுத்தால் சந்தோஷப்படுவேன், எடுக்காவிட்டாலும் நீ என் பிள்ளைதான்.

இதை எழுதி முடித்து உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில், "இதக் குடுக்காத புள்ள. தை மாசம் வரைக்கும் இப்பிடியே போவட்டும்" என்றார்.

"தை மாசம் ஒங்க எடத்துல ஒங்க அண்ணன் நிப்பாரு."

"நின்னா நிக்கட்டும். அவன் என் அண்ணன்தான."

"அன்னைக்கு ஏங்க நான்தான்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். ஆறு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை கேட்கிறேன். அவர் துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்பன் மேல கோவம்னா புள்ள அம்மாகிட்ட வந்துருவான். அம்மா மேலயே கோவம்னா அவன் எங்க புள்ள போவான்?" என்றார்.

அவர் பேச்சை மீறித்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். படித்து முடித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும், வர வேண்டும். வந்ததும் அப்பாவிடம் போ.

இப்படிக்கு,
அம்மா